கடல் நடுவே ஒரு ராஜ்யம் – 9: இயோலானி அரண்மனையின் முற்றத்தில்

ஹவாய்த் தீவுகளுக்குப் புதிதாகச் செல்லும் பிரயாணி ஒருவர், ஹொனொலூலு நகரத்துக் கடையொன்றில் நிற்கும் ஜப்பானிய வம்சத்தவரையோ பிலிப்பினோ வம்சத்தவரையோ பார்த்து, "நீங்கள் ஹவாயர்தானே?" என்று கேட்பாராயின், கேட்கப்பட்டவர் மூன்று தலைமுறையாக அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த குடும்பத்தவராக இருந்தபோதிலும், "இல்லை" என்றே பதில் சொல்வார். கலிபோர்னியாவில் குடியிருப்பவர் எவரும் கலிபோர்னியர். ஹவாயில் அந்தக் கணக்குச் செல்லாது. காப்டன் குக்கின் கப்பல்கள் 1778ஆம் ஆண்டில் தென்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அங்கே வாழ்ந்திருந்த ஆதிகுடிகளின் சந்ததியாருக்கே, தம் பாஷையில் தம்மைக் 'கனாகா மாஒலி' என்று சொல்லிக்கொள்ளும் அவர்களுக்கே, ஹவாயர் என்னும் பெயர் உரியது. மற்றவர்களுக்கு வேறு பெயர்கள் உண்டு. நெடுநாள் வாழ்ந்து ஊறிப்போனவன் 'கமாஐனா', அதாவது நிலத்தின் பிள்ளை, நேற்று வந்து இறங்கியவன் 'மலிஹினி', வெள்ளைக்காரன் 'ஹவுலே', கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்து ஒருவரோடொருவர் கலந்துபோனவர்களின் வழிவந்தவன் 'லோக்கல்'. பெயரிடுவதில் ஒரு ஜனசமூகம் இத்தனை ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமானால், தன் பெயரைப் பிறர் பறித்துக்கொண்ட அனுபவம் அதற்கு ஏற்பட்டிருக்க வேண்டும். அந்த அனுபவத்தை அறிய விரும்புகிறவர் ஹொனொலூலுவின் மத்தியிலுள்ள இயோலானி அரண்மனையின் முற்றத்தில் சிறிது நேரம் நின்று பார்க்க வேண்டும்.

இவ்வரண்மனையைக் கட்டுவித்தவர் கலாகாவா மன்னர். 1874ஆம் ஆண்டில் அரியணை ஏறிய இவர், 1881ல் பூமியைச் சுற்றிப் பிரயாணம் செய்து, ஜப்பான், சீனம், சயாம் முதலிய தேசங்களைக் கண்டு, நம் கல்கத்தாவையும் பம்பாயையும் கூடப் பார்த்துத் திரும்பியவர். 1882ல் கட்டி முடிக்கப்பட்ட அரண்மனையில் 1887ஆம் ஆண்டிலேயே மின்விளக்கு எரிந்தது. வாஷிங்டனின் வெள்ளை மாளிகைக்கு அந்த வெளிச்சம் வந்தது 1891ல்தான். காட்டுமிராண்டிகளின் அரசன் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எவரைப் பரிகசித்தனவோ, அவர் இந்த வெளிச்சத்தில் அமர்ந்துதான் ராஜ்ய காரியங்களைப் பார்த்துவந்தார்.

1883ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கலாகாவாவின் மகுடாபிஷேகம் இம்முற்றத்தில் நடைபெற்றது. அதன் விசேஷங்களுள் ஹூலா ஆட்டமும் ஒன்று. வேறொரு நாட்டில், வேறொரு அரசனுடைய பட்டாபிஷேகத்தில், நாட்டு நடனம் ஆடப்பட்டது என்பது ஒரு செய்தியே ஆகாது. ஆனால் இங்கே 1820ஆம் ஆண்டில் 'தாடியஸ்' என்னும் கப்பலில் கிறிஸ்தவப் பாதிரிமார்கள் வந்திறங்கியிருந்தார்கள். அவர்களுள் முதல்வரான ஹைராம் பிங்ஹாமின் கண்ணுக்கு ஹூலா அஞ்ஞானமாகவும் ஆபாசமாகவுமே பட்டது. கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய காஅஹுமானு ராணி 1830ல் பொது இடங்களில் அதை ஆடக்கூடாதென்று விலக்கினார். 1859ல் இயற்றப்பட்ட சட்டமோ, உரிமச் சீட்டு வாங்காமல் அதைக் காட்சியாக ஆடலாகாது என்றது. ஆயினும், ஊர்ப்புறங்களில் ஆசான்மார்கள் சிஷ்யர்களுக்கு அதை ரகசியமாகவேனும் போதித்துவந்தபடியால்தான், அரை நூற்றாண்டுக்குப் பின்னர் மன்னர் கூப்பிட்டபோது ஆடுவதற்கு ஆட்கள் இருந்தார்கள்.

ஹூலாவில் தலைமை பாட்டுக்கே உரியது என்பதைச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். 'மெலே' எனப்படும் பாட்டின் சொல்லை அபிநயிப்பதே அங்கே கையின் தொழில். எழுத்து வழங்காத காலத்தில், அரச வம்சாவளியும், தெய்வங்களின் கதையும், மழைக்கும் காற்றுக்கும் ஊருக்கு ஊர் இட்ட பெயர்களும் பாட்டாகவே மனப்பாடம் செய்யப்பட்டு, ஆட்டத்தினாலேயே நினைவில் நிறுத்தப்பட்டன. சொல் விளங்காதவனுக்கு எஞ்சுவது அசையும் இடுப்பு ஒன்றுதான். அன்று முற்றத்தில் கூடியிருந்த அந்நியர்களிற் பலர் கண்டது அதைத்தான், கண்டு முகஞ்சுளித்தார்கள். அரச குலம் தழைக்கவேண்டுமென்று அதன் வம்ச விருத்தியை வாழ்த்தும் பாடல்கள் அந்நாட்டின் பழைய சம்பிரதாயம். அப்படிப்பட்ட பாடல்களின் பெயர்கள் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் இருந்ததற்காக, அச்சடித்தவர்கள் ஆபாசக் குற்றம் சாட்டப்பட்டுக் கோர்ட்டில் நிறுத்தப்பட்டார்கள். மன்னர் தம் வீட்டு முற்றத்தில் தம் முன்னோரின் பாட்டைப் பாடுவித்தார். அதன் பொருட்டு அவருடைய தேசத்திலேயே வழக்கு நடந்தது. அந்நாட்டில் அந்நியரின் கை எவ்வளவு ஓங்கியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேறு வேண்டுவதில்லை.

பத்தாண்டுகள் கழிந்து, 1893ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி, அவருடைய சகோதரியான லிலியுஓகலானி ராணியை, அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து இறங்கிய துருப்புகளின் நிழலில் நின்றுகொண்டு, வெள்ளை வியாபாரிகளும் வக்கீல்களும் சேர்ந்த ஒரு சிறு கூட்டத்தார் பதவியினின்றும் நீக்கினார்கள். 1895ல் அந்த ராணியையே, அவருடைய அரண்மனையின் மேன்மாடத்து அறையொன்றில் சிறைவைத்தார்கள். 1896ல் பாடசாலைகளின் போதனாபாஷை ஆங்கிலமே என்று சட்டம் வந்தது. ஹவாய் மொழி பேசிய குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் தண்டிக்கப்பட்டார்கள். அவ்வாண்டுக் கணக்கெடுப்பின்படி, கலப்பு வம்சத்தவரையும் சேர்த்து, ஹவாயர் 40,000க்குச் சற்றுக் குறைவு. மறு ஆண்டில் அமெரிக்காவோடு இணைப்பதை எதிர்த்து எழுதப்பட்ட மனுவில் 21,000க்கு மேற்பட்டவர்கள் கையொப்பமிட்டார்கள். பால்குடிக் குழந்தைகளும் அடங்கிய ஜனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் எழுத்து மூலம் மறுத்த பின்னரும், 1898 ஆகஸ்டு 12ஆம் தேதி, இதே அரண்மனையில் ஹவாய்க் கொடி இறக்கப்பட்டு அமெரிக்கக் கொடி ஏற்றப்பட்டது.

அந்நாட்களில் பிறந்த பாட்டு ஒன்று உண்டு. புதிய அரசாங்கத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து வேலையை இழந்த ராஜாங்கப் பாண்டு வாத்தியக்காரர்களுக்காக, எல்லென் பிரெண்டர்காஸ்ட் என்னும் மாது 1893ல் இயற்றிய அதன் பெயர் 'கௌலானா நா புவா'. 'கல் தின்னும் பாட்டு' என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. அரசாங்கத்தார் கொடுக்கும் பணம் வேண்டாம், மண்ணின் கல்லே போதும் என்பது அதன் கருத்து. ஆனால் மெட்டோ துள்ளி ஓடும் மெட்டு. மொழி தெரியாதவர் காதில் அது ஓர் உல்லாசப் பாட்டாகவே விழும். ஹவாயைப் பற்றி அந்நியர் கொண்ட அபிப்பிராயத்தின் சரித்திரம் முழுவதையும் இந்த ஒரு பாட்டில் காணலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கிடையே கரும்புத் தோட்டங்கள் பெருகின. 1852 முதல் சீனரும், பிற்பாடு போர்ச்சுகீசியரும், ஜப்பானியரும், போர்ட்டோ ரிக்கோ தேசத்தவரும், கொரியரும், 1906 முதல் பிலிப்பினோக்களும் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டார்கள். 'பாங்கோ' என்னும் இலக்கத் தகடு ஒன்று கூலியின் கழுத்தில் தொங்கும். துரைக்கு அந்த இலக்கமே அவன் பெயர். ஒரே வேலைக்கு இனத்துக்கு ஒரு சம்பளம், இனத்துக்கு ஒரு குடியிருப்பு வரிசை என்று பிரித்துவைத்தால் ஒன்றுசேரமாட்டார்கள் என்பது முதலாளிகளின் யுக்தி. கூலிகளோ வயலில் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டியிருந்தது. அந்த அவசியத்தில் பல பாஷைச் சொற்கள் கலந்து பிறந்த 'பிட்ஜின்', அவர்களுடைய குழந்தைகளுக்குத் தாய்மொழியாயிற்று. சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்த ஹவாயரின் 'போய்' என்னும் களியும், ஜப்பானியரின் சோறும் ஒரே இலையில் கூடின. ஆனாலும், தம்மைக் குறிக்க ஒரு பொதுப்பெயர் அப்போது அவர்களிடம் நிலைபெற்றிருக்கவில்லை. அதை நிலைபெறச் செய்தது ஒரு கொலை.

அக்கொலைக்கு முந்திய பத்தாண்டுகளில், ஆபாசம் என்று சொன்ன ஆட்டத்தையே அந்நியர்கள் பணங்கொடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டிருந்தார்கள். ஹொனொலூலுவின் கடற்கரைப் பகுதியான வைகீகீயில் சேப்பங்கிழங்கும் நெல்லும் விளைந்த நன்செய்களும் வாத்துக் குளங்களும், 1921 முதல் 1928 வரை வெட்டப்பட்ட ஒரு கால்வாயால் வடிக்கப்பட்டுக் கட்டட மனைகளாயின. கடற்கரையில் 1927ல் ஒரு மாபெரும் ஹோட்டல் எழுந்தது. பிற்பாடு 1937ல், பிரயாணிகள் சூரிய வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்துக்கொள்ள வசதியாகப் பகலிலேயே ஹூலா ஆடிக்காட்ட ஏற்பாடு செய்தது ஒரு புகைப்படச் சுருள் கம்பெனி. லிலியுஓகலானி 1878ல் இயற்றிய 'அலோஹா ஓயே', கப்பலேறும் பிரயாணிகளை வழியனுப்பும் பாட்டாக உலகெங்கும் பிரசித்தமாயிற்று. இயற்றியவர் சிறைவைக்கப்பட்ட வரலாறு அதன்கூடச் செல்லவில்லை.

1931ஆம் ஆண்டு செப்டம்பரில், கடற்படை லெப்டினன்டு ஒருவரின் மனைவி, தம்மை இளைஞர்கள் சிலர் கடத்திப் பலாத்காரம் செய்ததாகப் புகார் கூறினார். ஹொனொலூலுவின் ஏழைப் பேட்டைகளில் வளர்ந்த ஐவர் கைதானார்கள். இருவர் ஹவாயர், இருவர் ஜப்பானியர், ஒருவர் சீன ஹவாயர். விசாரணையில் ஜூரர்கள் ஒரு முடிவுக்கு வர இயலாமல் கலைந்தார்கள். நேற்றுவரை ஸ்வர்க்கம் என்று வர்ணித்த அதே தீவை, வெள்ளை மாதர் நடமாட இயலாத நரகம் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. 1932 ஜனவரி 8ஆம் தேதி, ஐவருள் ஒருவனும், ஹவாயனும், இருபத்திரண்டு வயதினனுமான ஜோசப் கஹஹவாய், நீதிமன்றத்தில் ஆஜர் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, அரண்மனைக்கு எதிரே, ராஜ்யத்தை ஸ்தாபித்த கமேஹமேஹாவின் சிலை நிற்கும் இடத்தருகே கடத்திச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டான். கொன்றவர்கள் அந்த லெப்டினன்டும், அவருடைய மாமியாரும், இரண்டு மாலுமிகளும். கிளாரன்ஸ் டாரோ என்னும் புகழ்பெற்ற வக்கீல் வந்து வாதாடியும், பல இனத்தவரும் அமர்ந்திருந்த ஜூரி அவர்களைக் குற்றவாளிகள் என்றது; பத்து வருஷக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. வாஷிங்டனின் நெருக்குதலுக்கு வளைந்துகொடுத்த கவர்னர் ஜட், அத்தண்டனையை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். அந்த ஒரு மணி நேரத்தை அவர்கள் கழித்தது கவர்னரின் காரியாலயத்தில். அக்காரியாலயம் இருந்தது இயோலானி அரண்மனையில். ராணி மாதக்கணக்கில் சிறையிருந்த மாளிகையில், அவருடைய இனத்தவன் ஒருவனைக் கொன்றவர்கள் அறுபது நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

பின்னர், பிங்கர்டன் துப்பறியும் ஸ்தாபனத்தார் ஆராய்ந்து, ஐவரும் அக்குற்றத்தைச் செய்தமைக்கு ஆதாரமில்லை என்ற முடிவுக்கே வந்தார்கள். 1933ல் வழக்குக் கைவிடப்பட்டது. ஹவாயர், சீனர், ஜப்பானியர், போர்ச்சுகீசியர், பிலிப்பினோக்கள் எல்லாரும், அந்நியர் கண்ணுக்குத் தாங்கள் ஒரே கும்பல் என்பதை உணர்ந்தார்கள். 'லோக்கல்' என்னும் பெயர் இக்காலத்தில் வேரூன்றியதாகவே சரித்திரக்காரர் பலர் கருதுகிறார்கள். அப்பெயரின் நியாயத்தை நான் மனமார ஒப்புகிறேன். ஆனால் அது ஹவாயருடைய பெயருக்கு ஈடாகிவிடாது. கூலியாக வந்தவனுக்கு நேர்ந்தது அநீதி, நிலத்தையும் அரசையும் இழந்தவனுக்கு நேர்ந்தது வேறோர் அநீதி. முதற்பத்தியில் நாம் கண்ட மனிதர் "இல்லை" என்று பதில் சொல்வது அதனால்தான்.

1993ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி, ராணி நீக்கப்பட்ட நூறாவது ஆண்டில், அரண்மனை கறுப்புத் துணி போர்த்தப்பட்டிருக்க, ஆயிரக்கணக்கான ஹவாயர் அம்முற்றத்துக்கு நடந்து வந்தார்கள். ஹவாய் வம்சத்தவரான கவர்னர் ஜான் வைஹே, அந்நாட்களில் அங்குள்ள மாகாண அரசுக் கட்டடங்களில் அமெரிக்கக் கொடியை ஏற்றாமல் ஹவாய்க் கொடியை மட்டும் பறக்கவிட்டார். அவ்வாண்டு நவம்பர் 23ஆம் தேதி, ஜனாதிபதி கிளிண்டன் அமெரிக்கக் காங்கிரஸின் மன்னிப்புத் தீர்மானத்தில் கையொப்பமிட்டார். ராஜ்யம் கவிழ்க்கப்பட்டதில் அமெரிக்காவின் பங்கை ஒப்புக்கொண்ட அந்தத் தீர்மானத்தினால் ஹவாயருக்கு ஓர் ஏக்கர் நிலமும் திரும்பவில்லை.