விதைத்தவர் காணாத விளைச்சல்

யூபிலி என்பது ஆண்டுகளை எண்ணி மகிழும் விழா மட்டுமன்று. நமக்கு முன் வாழ்ந்தோரின் பொறுமையை நினைத்து இறைவனுக்கு நன்றி கூறும் வேளையுமாகும். நம் மண்ணில் பிறந்து, நம் மொழி பேசும் குரு இன்று நம் பீடத்தில் திருப்பலி நிறைவேற்றுகிறார். இது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் இவ்வரத்திற்காகக் கொங்குநாட்டுத் திருச்சபை எத்தனை தலைமுறைகள் காத்திருந்தது என்பதை நம்மில் பலர் அறியோம்.

17-ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபைக் குருக்கள் இப்பகுதியில் விசுவாசத்தை விதைத்தார்கள். 1773-ல் அச்சபை கலைக்கப்பட்டது. குருக்கள் அருகினர். பின்னர் இப்பணி பாரீஸ் வேதபோதக சபையாரிடம் வந்தது. 1792-ல் இந்தியா வந்த ஆபே துபுவா என்னும் குரு மைசூர், கோவைப் பகுதிகளில் சுமார் 30 ஆண்டுகள் உழைத்தார். ஆனால் 1823-ல் தாயகம் திரும்பியபோது, இந்நாட்டில் வேதம் தழைக்காது என்ற மனச்சோர்வோடே எழுதினார். அத்தனை உழைப்புக்குப் பின்னும் பலனைக் காணாதவரின் நெஞ்சம் சோர்ந்ததில் வியப்பில்லை.

அதே வயலில் வேறொரு மனத்தோடு இறங்கியவர் மேதகு மரியோன் பிரெசிலாக் ஆண்டகை. 1842-ல் பிரான்சிலிருந்து வந்த அவர், புதுச்சேரி குருமடத்தின் பொறுப்பேற்றார். 1844-ல் நடந்த புதுச்சேரி ஆயர் மன்றம் உள்நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டுமென வலியுறுத்தியது. அதுவே அவரது உயிர்மூச்சாயிற்று. 1846 அக்டோபர் 4 அன்று, கோவை-அவிநாசி சாலையிலுள்ள கருமத்தம்பட்டியில் அவர் ஆயராக அபிஷேகம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 32. 1850-ல் கோவை தனி அப்போஸ்தலிக்க விகாரியத்தாக உயர்ந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே.

இம்மண்ணின் மைந்தர்களே இம்மண்ணின் திருச்சபையை நடத்த வேண்டும். வேதபோதகர்கள் தாங்கள் தேவைப்படாத நாளை நோக்கியே உழைக்க வேண்டும் என்பது அவரது உறுதி. எல்லோரும் அதை அந்த வேகத்தில் ஏற்கவில்லை. மலபார் சடங்குகள் குறித்த சிக்கலும் அவரது மனச்சாட்சியை வாட்டியது. இறுதியில் 1855-ல் பதவி துறந்தார். அவரது கனவு கைகூடவில்லை.

இத்துடன் அவர் முடங்கினாரா? இல்லை. 1856 டிசம்பர் 8 அன்று பிரான்சின் லியோன் நகரில் ஆப்பிரிக்க வேதபோதக சபையைத் தோற்றுவித்தார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறங்கினார். அங்கு மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. ஆறே வாரங்களில், ஜூன் 25 அன்று, 45-ஆம் வயதில் இறந்தார். மனிதக் கணக்கில் இரு கண்டங்களிலும் அவர் கண்டது தோல்வியே.

இறைவனின் கணக்கோ வேறு. 1886-ல் கோவை மறைமாவட்டமாயிற்று. 1940-ல் மேதகு உபகாரசாமி ஆண்டகை அதன் முதல் இந்திய ஆயரானார். பிரெசிலாக் பதவி துறந்து 85 ஆண்டுகளுக்குப் பின் அவரது விதை கதிர்விட்டது! அவர் தோற்றுவித்த சபையும் அழியவில்லை. அதில் சேர்ந்த இந்தியக் குருக்கள் இன்று ஆப்பிரிக்காவில் பணிபுரிகின்றனர். 2020-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் எனப் போற்றியது.

அன்புப் பங்கு மக்களே! பின்னலாடைத் தொழிலில் வாழும் நமக்கு இது விளங்காத பாடமன்று. பருத்தி விதைப்பவர் நூலைக் காண்பதில்லை. நூல் நூற்பவர் பனியனைக் காண்பதில்லை. இரவு ஷிப்டில் தைப்பவர் அதைக் கடல்கடந்து உடுத்துபவரைக் காண்பதில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் தம் பங்கைப் பழுதின்றிச் செய்தால்தான் ஆடை உருவாகிறது.

மகளின் திருமணம், மகனின் வேலை, அடையாத கடன், ஆறாத நோய் எனப் பலவற்றிற்காக நாம் முழந்தாளிட்டுக் காத்திருக்கிறோம். கேட்டது உடனே கிடைக்காதபோது, ஆண்டவர் செவிசாய்க்கவில்லையோ எனக் கலங்குகிறோம். காத்திருப்பது கைகட்டி நிற்பதன்று; பலன் யார் கைக்குச் சேரும் என்று கேளாமல், இன்றைய கடமையைச் செய்வதாகும். நம் மன்றாட்டின் விடை நம் பேரப்பிள்ளைகளின் கையில் தரப்படலாம். அதுவும் இறைவன் தந்த விடையே.

நாம் அறுப்பது, முகமறியாத முன்னோர் விதைத்தது. நாமும் நம் பங்கிற்கு விதைத்து வைப்போம். மழையும் விளைச்சலும் ஆண்டவர் பொறுப்பு!