கல்லில் செதுக்கிய வெற்றி: இலாகீசுப் புடைப்புச் சிற்பங்கள்

பண்டைய அசீரியப் பேரரசில் அரண்மனைச் சுவரும் ஆட்சியின் கருவியாகவே விளங்கியது. அரசவைக்கு வருவோர் மன்னனின் ஆற்றலை உணருமாறு, போரும் வேட்டையும் கற்பலகைகளில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டன. அவற்றுள் வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது, மன்னன் சனகெரிப் நினிவே நகரில் எழுப்பிய அரண்மனையின் இலாகீசுச் சிற்பத் தொகுதியாகும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்டின் ஹென்றி லேயர்டு அகழ்ந்தெடுத்த அத்தொகுதி, இன்று இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளது.

கி.மு. 701இல் யூதா நாட்டின்மீது படையெடுத்த சனகெரிப், அதன் அரண்மிக்க நகரமான இலாகீசை முற்றுகையிட்டான். அந்நிகழ்ச்சியைச் சிற்பம் இடமிருந்து வலமாக விரித்துரைக்கிறது. சாய்மேடுகளின் வழியே மதில் இடிக்கும் பொறிகள் ஏறுகின்றன. வில்லாளரும் கவண் வீரரும் தாக்குகின்றனர். மதில்மேல் நிற்போர் தீப்பந்தங்களை வீசுகின்றனர். அடுத்து, தோற்ற மக்கள் மூட்டைகளைச் சுமந்து வெளியேறுகின்றனர். பெண்களும் குழந்தைகளும் மாட்டுவண்டிகளில் செல்கின்றனர். சிறைப்பட்டோர் சிலர் தோலுரிக்கப்படுகின்றனர். இறுதியில், அரியணையில் வீற்றிருக்கும் மன்னன் கொள்ளைப் பொருள்களைப் பார்வையிடுகிறான். அருகிலுள்ள ஆப்பெழுத்துக் குறிப்பு அவனை உலகின் மன்னன் எனப் போற்றுகிறது.

இச்சிற்பத்தை எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம்? இலாகீசில் நிகழ்ந்த அகழாய்வுகள் முற்றுகைச் சாய்மேட்டையும் அம்பு முனைகளையும் கவண் கற்களையும் வெளிக்கொணர்ந்தன. ஆகவே, போர் கற்பனையன்று. ஆயினும், யூதாவின் தலைநகரான எருசலேம் அப்படையெடுப்பில் வீழவில்லை. சனகெரிப்பின் போர்க்குறிப்புகளும், அரசன் எசேக்கியாவை நகருக்குள் அடைத்து வைத்துத் திறை பெற்றதாகக் கூறுகின்றனவேயன்றி, நகரைக் கைப்பற்றியதாகக் கூறவில்லை. கைக்கு எட்டாத தலைநகருக்கு ஈடாகவே இலாகீசின் வெற்றி ஒரு கூடம் முழுவதும் பெருமைப்படுத்தப்பட்டது எனக் கருதும் அறிஞர் உளர்.

கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் நினிவேயை அழித்தனர். அரியணையில் அமர்ந்த சனகெரிப்பின் முகம் இன்று சிதைந்து காணப்படுகிறது. மூட்டை சுமந்து நடக்கும் இலாகீசு மக்களோ இன்னும் தெளிவாகத் தெரிகின்றனர். அவர்களைச் செதுக்கச் செய்தவன் தன் புகழுக்காகவே அதனைச் செய்தான்; நமக்கோ அவர்கள் நாடிழந்த மக்களின் சாட்சிகளாக நிற்கின்றனர். எனவே, வகுப்பறையில் இத்தகைய சிற்பம் ஒன்றைக் காட்டும்போது, இதனைச் செதுக்கச் செய்தவர் யார், இதில் விடுபட்டது யாது என்னும் இரு வினாக்களையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும்.