சாதகக் கட்டமும் சென்னை ஓவியரும்



நகரத்தாருடைய ஒன்பது கோயில்களுள் ஒன்று இளையாத்தங்குடிக் கயிலாசநாதர் கோயில். அதன் மதில் நிழலில் வளர்ந்த என் போன்றோர்க்குக் கலை என்றவுடன் கல்லும் உளியுமே நினைவிற்கு வரும். ஓவியம் என்றாலோ, செட்டிநாட்டு வீடுகளின் வளவுகளில் சட்டமிட்டு மாட்டியிருந்த இரவிவர்மாவின் அச்சுப் படங்கள்தாம். அப்படங்களின் தேவியர்க்குச் சரிகையும் துணியும் ஒட்டி அழகு பார்த்த குடும்பங்களும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், மாணவர் சிலரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. சென்னையில் எழுந்த கலை இயக்கம் ஒன்றையே எடுத்துக்காட்டுதற்கென 2009ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது அது. அங்கே ஓர் ஓவியத்தின் முன் நின்ற மாணவன், “ஐயா, இது சாதகக் கட்டம்தானே? இதை எதற்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்?” என்று வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்தாற்போல ஏதோ சொல்லி அவனை நகர்த்திவிட்டேன். அஃது ஆசிரியனுக்கு அழகன்று. அதன்பின் தேடிப் படித்ததையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. நெடுங்காலம் அங்குக் கைத்தொழிலுக்கே முதலிடம். 1929இல் தேவிபிரசாத் ராய் சௌதுரி முதல் இந்தியத் தலைவராய் வந்தபின் காற்றுத் திசை மாறியது. மெரினாக் கடற்கரையில் பாறையைப் பெயர்க்க முனைந்து நிற்கும் நான்கு உழைப்பாளரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அச்சிலை அவர் வடித்ததே.

அவரிடம் பயின்றவர் கே. சி. எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர். 1944இல் நண்பர்களோடு கூடி முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். பம்பாயில் இதே பெயரால் புகழ்பெற்ற குழு தோன்றியது 1947இல்தான் என்பதைச் சென்னை மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம்! 1957இல் பணிக்கரே கலைப்பள்ளியின் தலைவரானார்.

அவரை ஒரு கேள்வி விடாது துளைத்தது. ஐரோப்பியரைப் பார்த்து வரைந்தால் நகல் என்பார்கள். அஜந்தாவைப் பார்த்து வரைந்தால் பழமை என்பார்கள். அப்படியாயின், இந்நாட்டில் இக்காலத்து மனிதன் எதனை வரைவது? விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஒரு மாணவனுடைய கணக்கு நோட்டின் பக்கம்! எண்களும் குறிகளும் கோடுகளும் நிறைந்த அதன் தோற்றம் அவர் கருத்தைக் கவர்ந்தது. 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசை ஓவியங்களைத் தீட்டினார். அவற்றில் மலையாள எழுத்துப் போன்ற வரிகள் இருக்கும். ஆனால் படிக்க முடியாது. சாதகக் கட்டங்கள் இருக்கும். ஆனால் எவருடைய பலனும் அவற்றில் இல்லை. பொருளை நீக்கி, நம் ஏட்டுச்சுவடிகளின் உருவ அழகை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார்.

அதற்கு முந்திய ஆண்டாகிய 1962இல்தான், எங்கள் இளையாத்தங்குடியில் காஞ்சிப் பெரியவர் முன்னிலையில் ஆகம சிற்ப சதஸ் நடைபெற்றது. சிற்ப நூல் வல்லாரும் ஸ்தபதிகளும் கூடிப் பழைய மரபைப் பேணும் வழியை ஆராய்ந்தனர். அங்கே மரபைக் காப்பது எப்படி என்று பேச்சு. சென்னையிலோ மரபிலிருந்து எதை எடுத்துப் புதிதாய்ச் செய்வது என்று தவிப்பு. இரண்டையும் ஒரே நாட்டின் கவலையாகவே நான் காண்கிறேன். ஸ்தபதிகள் இதற்கு உடன்படாமற் போகலாம்.

கருத்து கிடைத்தது, சோறு? அதுதான் பெரிய துன்பம். படிப்பு முடித்த இளைஞர்கள் ஓவியத்தை விற்று உயிர்வாழ வழியின்றி, கிடைத்த உத்தியோகத்திற்குப் போய்த் தூரிகையை மறந்தனர். நல்ல மாணவர்கள் இவ்வாறு மறைவதைப் பணிக்கர் கண்முன்னே கண்டார். ஆகவே ஓவியர்கள் கூடிக் கைவினைச் சங்கம் அமைத்தார்கள். மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகள் முதலியவற்றைச் செய்து விற்றனர். வந்த பணத்தைக் கொண்டு கடலோரத்தில் மணல்வெளியை வாங்கி, 1966இல் குடியேறினர். கைத்தொழில் வயிற்றுக்கு, ஓவியம் உள்ளத்திற்கு என்பது ஏற்பாடு. கைத்தொழிலுக்கென எழுந்த பள்ளியின் பிள்ளைகள் அக்கைத்தொழிலாலேயே கலையைக் காத்தது வேடிக்கைதான்.

அந்த மணலில் சுல்தான் அலி வரைந்தார். நந்தகோபால் உலோகத்தில் உருச்சமைத்தார். கனவு நகரங்களை மைக்கோடுகளால் எழுப்பிய கே. இராமானுஜம் 1973இல் இளவயதிலேயே மறைந்தார். அவ்வியக்கத்தைச் சேர்ந்த ஆதிமூலத்தின் கோடுகளையோ தமிழ் வாசகர் நன்கறிவர். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குச் சித்திரம் வரைந்தவர் அவரே. பணிக்கர் 1977இல் காலமானார்.

அன்று கேள்வி கேட்ட அம்மாணவன் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பானாயின், அவனுக்கு ஒரு சொல்: தம்பி, நீ சொன்னது சரி, அது சாதகக் கட்டம்தான். உன்னைப் போன்ற ஒருவனுடைய கணக்கு நோட்டிலிருந்துதான் அது சுவருக்கு வந்தது.