கரிநிலம் கண்ட கானகம்

நிலத்தை ஐந்தாக வகுத்து, அவ்வந்நிலத்தோடு வாழ்க்கையை இயைத்துக் கண்டவர் தமிழர். அவ்வைந்தனுள் பாலையை அவர்கள் பிறவற்றைப் போன்ற தனி நிலமாகக் கொள்ளவில்லை. மலையும் காடும் வெம்மையால் வாடித் தம் வளத்தை இழக்கும்போது தோன்றுவதே பாலை என்று கருதினர். இக்கருத்தினுள் ஆழ்ந்த உண்மை ஒன்று பொதிந்துள்ளது. கெட்டுப்போன நிலம் பிறவியிலேயே கெட்ட நிலமன்று. ஆதலின் அது மீளவும் கூடும்.

பண்டைப் பாலையை ஆக்கியது கோடை வெயில். தொழிற்புரட்சிக்குப்பின் தோன்றிய பாலைகளை ஆக்கியவனோ மனிதன். நிலக்கரிக்காகக் குடையப்பட்டு, கரி தீர்ந்தபின்னோ விலை வீழ்ந்தபின்னோ கைவிடப்பட்ட நிலங்கள் உலகின் பல நாடுகளில் உள்ளன. அவற்றை மீட்பது எங்ஙனம்? மீட்பது என்றால் எதனை? மண்ணையா, தொழிலையா, அம்மண்ணில் உழைத்தோரின் நினைவையா? ஜெர்மனியின் மேற்கே, ரூர் வட்டாரத்தில், எஸ்ஸன் நகரின் வடபகுதியில் அமைந்த சோல்வெரைன் சுரங்கத்தின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை கூறுகின்றது.

உழவர் ஊரில் ஒரு சுரங்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஸ்ஸனின் வடபகுதி வயல்களும் சிற்றூர்களும் நிறைந்ததாக இருந்தது. அங்கு 1847ஆம் ஆண்டில் பிரான்ஸ் ஹானியல் என்னும் தொழிலதிபர் சுரங்கம் தோண்டத் தொடங்கினார். அவருடைய இரும்பாலைகளுக்குக் கற்கரி தேவைப்பட்டது. நிலக்கரியைக் காற்றுப்புகாத அடுப்பிலிட்டுச் சுட்டால் கிடைப்பதே கற்கரி; இரும்புத் தாதுவை உருக்க அஃது இன்றியமையாதது. ஜெர்மானிய அரசுகள் பல 1834ஆம் ஆண்டில் தமக்குள் சுங்கத் தடைகளை நீக்கி ஒன்றியம் ஒன்றை அமைத்திருந்தன. ‘சோல்வெரைன்’ என்பது அச்சுங்க ஒன்றியத்தின் பெயர். வணிகத்துக்கு வழிதிறந்த அவ்வொன்றியத்தின் பெயரையே ஹானியல் தம் சுரங்கத்துக்குச் சூட்டினார். 1851ஆம் ஆண்டில் கரி எடுக்கும் பணி தொடங்கியது.

சுரங்கம் வளர வளர ஊரும் மாறியது. கிழக்கிலிருந்து போலந்து மொழி பேசுவோரும் பிறரும் வேலை நாடி வந்தனர். சுரங்க முதலாளிகள் வரிசை வரிசையாகக் குடியிருப்புகளைக் கட்டினர். வீட்டின் பின்னே சிறு காய்கறித் தோட்டமும் ஆட்டுக் கொட்டிலும் இருந்தன. வேலையும் வீடும் ஒரே கையிலிருந்து கிடைத்தமையால் வேலையை இழந்தவன் வீட்டையும் இழக்கும் நிலை இருந்தது. தோட்டப்புற வாழ்வை அறிந்தோர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

1932ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் குழி திறக்கப்பட்டது. பிரிட்ஸ் ஷுப், மார்ட்டின் கிரெம்மர் என்னும் கட்டடக் கலைஞர் இருவர் அதனை வடிவமைத்தனர். எஃகுச் சட்டங்களும் செங்கல்லும் கண்ணாடியும் கொண்டு, வீண் அலங்காரம் எதுவுமின்றி, நேர்கோடுகளால் அமைந்த அவ்வளாகம் ‘உலகின் மிக அழகிய நிலக்கரிச் சுரங்கம்’ என்று புகழ்பெற்றது. அதன் முகப்பில் 55 மீட்டர் உயரத்தில் தூக்குகோபுரம் நிமிர்ந்து நின்றது. நாளொன்றுக்கு 12,000 டன் கரி அக்குழியின் வழியாக மேலே வந்தது.

ஆனால் அழகு மேலேதான் இருந்தது. கீழே இருளும் வெப்பமும் தூசியும் இருந்தன. கல்தூசி நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் நோய் சுரங்கத் தொழிலாளரை வாட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது ரூர் சுரங்கங்களில் போர்க் கைதிகளும் பிற நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டோரும் கட்டாய உழைப்புக்கு ஆளாயினர். சோல்வெரைனும் அதற்கு விலக்கன்று. போருக்குப்பின் நாட்டைக் கட்டியெழுப்பக் கரி மேலும் தேவைப்பட்டது. 1961ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து துருக்கியிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். அவ்வாண்டிலேயே சோல்வெரைனில் பெரிய கற்கரி ஆலையும் இயங்கத் தொடங்கியது.

சுரங்கம் ஓய்ந்த நாள்

உயர்வின் நடுவிலேயே தளர்வும் தொடங்கிவிட்டது. 1957ஆம் ஆண்டளவில் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் வேலை செய்தனர். அடுத்த ஆண்டிலேயே நெருக்கடி வந்தது. பெட்ரோலிய எண்ணெய் மலிந்தது. கடல் கடந்து வந்த கரியும் மலிவாகக் கிடைத்தது. ரூர் கரியோ நிலத்தின் ஆழத்தில், சில இடங்களில் 1,000 மீட்டருக்கும் கீழே இருந்தது. அதனை எடுக்கும் செலவு அதன் விலையை விஞ்சியது. ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள் மூடப்பட்டன.

1986ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் சோல்வெரைன் சுரங்கமும் மூடப்பட்டது. எஸ்ஸன் நகரில் எஞ்சியிருந்த கடைசிச் சுரங்கம் அதுவே. ஒரு காலத்தில் ஏறத்தாழ 8,000 பேருக்குச் சோறளித்த இடம் அது. கற்கரி ஆலை மட்டும் 1993ஆம் ஆண்டுவரை எரிந்து அணைந்தது. தந்தையும் மகனும் பேரனும் ஒரே வாயில் வழியாக வேலைக்குச் சென்ற குடும்பங்களுக்கு அஃது ஓர் ஊதிய இழப்பு மட்டுமன்று. தலைமுறைகளாகத் தாங்கள் யார் என்பதைச் சொல்லிவந்த அடையாளத்தின் இழப்புமாகும்.

இடிப்பதா, காப்பதா?

மூடிய சுரங்கத்தை என்ன செய்வது? எளிதான விடை, இடித்துத் தரைமட்டமாக்கி விற்றுவிடுவது. பல இடங்களில் அவ்வாறே செய்தனர். சோல்வெரைன் கற்கரி ஆலையையும் இடிக்கும் எண்ணம் இருந்தது. ஆனால் வட ரைன் வெஸ்ட்பாலிய மாநில அரசு சுரங்க வளாகத்தை விலைக்கு வாங்கிப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கியது.

அதன்பின் 1989 முதல் 1999 வரை பத்தாண்டுக் காலம் எம்ஷர் பூங்காத் திட்டம் நடைபெற்றது. கார்ல் கான்சர் என்பவர் அதற்குத் தலைமை தாங்கினார். எம்ஷர் ஆற்றை ஒட்டிய 17 நகரங்கள் அதில் பங்குகொண்டன. பழைய ஆலைகளை வரலாற்றுச் சின்னங்களாகக் காத்தல், கெட்ட நிலத்தைப் பசுமையாக்குதல், அப்பசுமையின் நடுவே புதுத் தொழில்களுக்கு இடமளித்தல் ஆகிய மூன்றும் அத்திட்டத்தில் ஒன்றாக இணைந்தன. ‘பூங்காவினுள் பணிபுரிதல்’ என்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

இவ்விணைப்பே ரூர் முயற்சியின் சிறப்பு எனலாம். மரம் மட்டும் வளர்ந்தால் மக்களுக்கு வேலையில்லை. வணிக மனைகள் மட்டும் எழுந்தால் மண்ணின் நோய் தீராது. இரண்டும் வந்து, பழைமை அழிந்துபோயின், அந்நிலத்தில் உழைத்தவன் தன் ஊரிலேயே அயலானாகிவிடுவான்.

தானே வந்த காடு

சுரங்கத்திலிருந்து கரியோடு வந்த கற்கழிவை மலைபோல் குவித்திருந்தனர். அக்கரிய கல் கோடையில் கடுமையாகச் சூடேறும், நீரைத் தேக்காது, பயிருக்குரிய சத்தும் அதில் இல்லை. கற்கரி ஆலையின் அருகே தார்க் கழிவுகளும் மண்ணில் ஊறியிருந்தன. இத்தகைய நிலத்தில் எது முளைக்கும் என்று மனிதர் எண்ணிக்கொண்டிருக்கையில், காற்று விதைகளைக் கொண்டுவந்தது. முதலில் பாசிகளும் புற்களும் தலைகாட்டின. பின்னர் வெள்ளைப் பட்டையுடைய பிர்ச் மரங்கள் தண்டவாளங்களின் இடையிலும் கழிவுமேடுகளின் மேலும் முளைத்தன. அவற்றின் சருகு விழுந்து மட்கி மண்ணாயிற்று. அம்மண் பிற மரங்களுக்கு இடங்கொடுத்தது.

வனத்துறையினர் இங்கு அறிவுடைய செயலொன்று செய்தனர். வளர்ந்ததை வெட்டிவிட்டு வரிசை மரங்களை நடவில்லை. 1996ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ரூர் தொழிற்காடு’ என்னும் திட்டத்தின்வழி, பழைய சுரங்க நிலங்கள் சிலவற்றில் தானே வந்த காட்டைத் தானே வளரவிட்டனர். மக்கள் நடக்கப் பாதை அமைத்தனர். மற்றதை இயற்கையிடம் விட்டனர். கெல்சன்கிர்ஷன் நகரின் ரைனெல்ப சுரங்க நிலத்தில் வனக்காவலருக்கு நிலையமும் அமைத்தனர். சோல்வெரைனின் பிர்ச் காட்டினுள்ளே உல்ரிஷ் ருக்ரீம் என்னும் சிற்பியின் கருங்கற் படைப்புகள் நிற்கின்றன. வேறெங்கும் அருகிவரும் தேரை வகையொன்று சுரங்க நிலத்தின் மழைநீர்க் குட்டைகளில் வாழ்கின்றது. மனிதன் பாழென்று ஒதுக்கிய இடம் வேறோர் உயிருக்குப் புகலிடமாயிற்று.

புதிய தொழில்கள்

2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் சோல்வெரைன் வளாகத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதற்கு முன்னரே, 1997ஆம் ஆண்டில், பழைய கொதிகலன் கூடம் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் பாஸ்டரின் திட்டப்படி வடிவமைப்புக் கலை மையமாக மாறியிருந்தது. கொதிகலன்களை அகற்றாமல், அவற்றின் நடுவிலேயே கண்காட்சி வைத்தனர். நிலக்கரி கழுவும் ஆலையில் 2010ஆம் ஆண்டு ரூர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அலுவலகங்களும் வடிவமைப்புத் தொழில் நிறுவனங்களும் உணவகங்களும் பழைய கூடங்களில் குடிபுகுந்தன. கற்கரி ஆலையின் நீர்த்தொட்டி குளிர்காலத்தில் சிறுவர் சறுக்கி விளையாடும் பனித்தளமாகின்றது.

முயன்றவை அனைத்தும் வெற்றிபெற்றன என்று கூறுதல் உண்மையாகாது. மேலாண்மையும் வடிவமைப்பும் கற்பிக்கும் பள்ளியொன்றுக்காக 2006ஆம் ஆண்டில் கனசதுர வடிவில் ஒரு கட்டடம் எழுந்தது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர்கள் அதன் சுவர்களினுள் குழாய்களைப் பதித்து, சுரங்கத்தின் ஆழத்திலிருந்து வெதுவெதுப்பாக வரும் நீரின் வெப்பத்தால் கட்டடத்துக்குக் கதகதப்பூட்டினர். கட்டடம் புகழ்பெற்றது, பள்ளியோ சில ஆண்டுகளில் மூடப்பட்டது. பின்னர் போல்க்வாங் கலைப் பல்கலைக்கழகம் அவ்விடத்துக்கு வந்து நிலைத்தது.

அண்டை நகரங்களும் இவ்வழியே சென்றன. கெல்சன்கிர்ஷனின் நோர்ட்ஸ்டெர்ன் சுரங்கம் 1993ஆம் ஆண்டில் மூடப்பட்டது. நான்கே ஆண்டுகளில் அங்கு நாடளாவிய தோட்டக்கலைக் கண்காட்சி நடைபெற்றது. பின்னர் அது பூங்காவும் வணிக வளாகமுமாக நிலைபெற்றது. ஹெர்ன நகரில் 1978ஆம் ஆண்டில் மூடப்பட்ட மோன்செனி சுரங்க நிலத்தில், 1999ஆம் ஆண்டு மாபெரும் கண்ணாடிக் கூடம் ஒன்று எழுந்தது. அதனுள்ளே அரசுப் பயிற்சிக் கழகமும் நூலகமும் உள்ளன. கூரையில் பதித்த தகடுகள் கதிரவன் ஒளியிலிருந்து மின்சாரம் ஆக்குகின்றன. பழைய சுரங்கத்திலிருந்து கசியும் வாயுவையும் பிடித்து எரித்து மின்னாற்றல் பெற்றனர்.

தீராத கடன்

ஆயினும், இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மாணவர் அறிதல் வேண்டும். புதிய நிறுவனங்கள் தந்த வேலைகள் சுரங்கம் தந்த வேலைகளுக்கு எண்ணிக்கையில் ஈடாகவில்லை. தன்மையிலும் அவை வேறு. நாற்பது ஆண்டு கரி வெட்டிய கைக்கு வடிவமைப்பு நிறுவனத்தில் நாற்காலி கிடைப்பதில்லை. அரசும் தொழிற்சங்கங்களும் ஒன்றுபட்டு, முன்கூட்டிய ஓய்வு, வேறு சுரங்கத்துக்கு மாற்றம், மறுபயிற்சி ஆகியவற்றால் தொழிலாளர் திடீரெனத் தெருவில் விடப்படாமல் காத்தன. ஆனால் அவர்தம் பிள்ளைகளுக்குரிய வேலைகளை அவ்வாறு காக்க இயலவில்லை. எஸ்ஸனின் வட பகுதிகள் தென் பகுதிகளைவிட வறுமையும் வேலையின்மையும் மிகுந்தனவாகவே உள்ளன. ஆண்டுதோறும் ஏறத்தாழ 15 லட்சம் பேர் சோல்வெரைனைக் காண வந்து செல்கின்றனர்; வாயிலுக்கு வெளியே உள்ள தெருக்களின் நிலை அவ்வளவு எளிதில் மாறிவிடவில்லை.

மற்றொரு கடனும் உண்டு. கரியை அகழ்ந்தமையால் ரூர் நிலம் சில இடங்களில் 20 மீட்டர்வரை தாழ்ந்துவிட்டது. தாழ்ந்த இடங்களில் நீர் தானே வடியாது. இறைத்துக்கொண்டே இராவிடின் குடியிருப்புகள் நிறைந்த பெரும்பரப்பு ஏரியாகிவிடும். சுரங்கங்களின் ஆழத்தில் ஊறும் நீரும் குடிநீரோடு கலவாதவாறு இறைக்கப்படல் வேண்டும். இப்பணிக்கு முடிவே இல்லை. ஜெர்மானியர் இதனை ‘நித்தியச் சுமை’ என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர். இதற்கெனவே 2007ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது; 2019ஆம் ஆண்டு முதல் அச்செலவை அது ஏற்றுவருகின்றது. அவ்வறக்கட்டளையின் அலுவலகமே இன்று சோல்வெரைன் கற்கரி ஆலை வளாகத்தில்தான் உள்ளது.

2018ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் போட்ரோப் நகரில் ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர் மேலே கொண்டுவந்த இறுதிக் கரிக்கட்டியை நாட்டின் அதிபரிடம் ஒப்படைத்தனர். அச்சுரங்கத்தின் பெயர் புரோஸ்பர்–ஹானியல். உழவர் ஊரில் முதற்குழி தோண்டிய மனிதரின் பெயர், ஒரு யுகத்தின் கடைசிக் குழிக்கும் பெயராயிற்று.

வரலாறு கூறும் பாடம்

சோல்வெரைனில் கரி எடுத்த காலம் 135 ஆண்டுகள். அதனால் விளைந்த புண்ணை ஆற்றும் பணி இன்னும் முடியவில்லை. எடுப்பவர் ஒரு தலைமுறையினர். கொடுத்துத் தீர்ப்பவர் பல தலைமுறையினர். இக்கணக்கை மண்ணைத் தோண்டுமுன் எண்ணிப் பார்க்கும் நாடே அறிவுடைய நாடாகும்.

எனினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. பாலை மீண்டும் முல்லையாதல் கூடும் என்பதற்குக் கரிய மேட்டின் மீது நிற்கும் வெண்ணிற பிர்ச் மரங்களே சான்று. ஆனால் அம்மரங்களுக்கு இடையே அந்த எஃகுக் கோபுரமும் நிற்கின்றது. அதனை அகற்றியிருந்தால் காடு இன்னும் அழகாகத் தோன்றியிருக்கலாம். அக்காட்டின் அடியில் எத்தனை பேருடைய உழைப்பு புதைந்துள்ளது என்பதைச் சொல்ல ஒன்றும் இருந்திராது. நிலத்தைத் திருத்துவோர் அந்நிலத்தில் உழைத்தோரை மறவாதிருத்தல் வேண்டும். மறந்து செய்த திருத்தம் வெறும் மூடாக்கு. நினைந்து செய்ததே மீட்பு.