கங்கையும் கூடலும்: ஆழ்வார் பாசுரங்களில் இமயப் பயணம்

முன்னுரை

தமிழகத்திலிருந்து பத்ரிநாத் செல்லும் வைணவ அடியார்கள், ரிசிகேசத்தைக் கடந்து மலைச்சாலையில் ஏறுகையில் மூன்று திவ்வியதேசங்களை ஒன்றன்பின் ஒன்றாக வணங்குகின்றனர். பாகீரதியும் அலகநந்தாவும் கூடிக் கங்கை எனப் பெயர்பெறும் தேவப்பிரயாகையைத் திருக்கண்டங்கடிநகர் என்றும், சோசிமடத்தைத் திருப்பிரிதி என்றும், பத்ரிநாத்தை வதரியாச்சிராமம் என்றும் மரபு கொள்கிறது. இத்தலங்களைப் பற்றிய பாசுரங்களை, பாடியவர் அங்கு நேரில் சென்றதற்கான சான்றாகக் கொள்வாருண்டு. அவ்வாறு கொள்கையில், பயணம் குறித்துப் பாசுரங்களே சொல்லும் கருத்து பின்தள்ளப்படுகிறது. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் இமயப் பயணத்தை இருவேறு நிலைகளில் நின்று நோக்கினர் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

பெரியாழ்வார்: பாடலே நீராட்டு

பெரியாழ்வார் மதுரைக்குத் தென்மேற்கிலுள்ள வில்லிபுத்தூரைச் சேர்ந்தவர். அவரது திருமொழியின் நான்காம் பத்தில் தலங்கள் அமைந்துள்ள முறை கருதத்தக்கது. இரண்டாம், மூன்றாம் திருமொழிகள் மதுரையை அடுத்த திருமாலிருஞ்சோலையைப் பாடுகின்றன. நான்காவது திருக்கோட்டியூருக்கு உரியது. ஏழாவது கண்டத்தைப் பாட, எட்டாவது முதல் பத்தாவது வரை திருவரங்கம் இடம்பெறுகிறது. இவ்வைப்புமுறையில் வழிநடைக்குரிய வரிசை எதுவும் இல்லை. கூடல் மன்னன் நெடுமாறனைக் குறிப்பிடும் அதே பத்தில் இமயத்தின் ஆற்றுக்கூடலும் இடம்பெறுகிறது.

கண்டத்துத் திருமொழியின் பயன்கூறும் பாசுரம் இங்கு முதன்மையான அகச்சான்றாகும். இத்தமிழ்மாலையை நாவில் தாங்குவோர் கங்கையில் திருமாலின் அடிக்கீழ் நீராடியிருந்தவராகவே எண்ணப்படுவர் என்று அது கூறுகிறது. நெடுவழி செல்ல இயலாத வைகைச் சமவெளியின் எளிய அடியாருக்கும் கங்கை நீராட்டு இவ்வாறு எட்டுவதாகிறது. ஆழ்வார் அங்குச் சென்றாரா என்னும் வினாவுக்கு இப்பாசுரம் விடை தரவில்லை. செல்லாதவர்க்கும் அதன் பயன் உண்டு என்பதையே உறுதிப்படுத்துகிறது.

திருமங்கையாழ்வார்: உடல் தளருமுன்

திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழி இதனின் வேறுபட்டது. முதற்பத்தில் பிரிதி, வதரி, சாளக்கிராமம், நைமிசாரணியம், சிங்கவேழ்குன்றம், திருவேங்கடம் எனத் தலங்கள் இமயத்திலிருந்து தெற்கு நோக்கி இறங்கி வருகின்றன. வதரிக்கு மட்டும் இரு திருமொழிகள் உள்ளன. அவற்றுள் முந்தையது, முதுமையால் உடல் வளைந்து, கோலூன்றி, இருமித் தளரும் நிலை வருமுன் வதரியை வணங்குமாறு நெஞ்சை ஏவுகிறது. இங்குப் பயணம் உடலால் செய்யப்பட வேண்டியது. உடலின் ஆற்றலோ காலத்தால் குறைவது. எனினும், பாசுரங்களின் வைப்புமுறையில் தொகுத்தோரின் பங்கும் இருந்திருக்கலாம் ஆதலின், தலவரிசையை மட்டும் கொண்டு ஆழ்வார் சென்ற வழியை வரைதல் பொருந்தாது.

சைவ மரபின் ஒப்புமை

இவ்விரு நிலைகளையும் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரிடமும் காணலாம். பெரியபுராணத்தில் சம்பந்தர் திருக்காளத்தியில் இருந்தவாறே வடகயிலை, கேதாரம் முதலிய வடதலங்களைப் பாடுகிறார். அப்பரோ கயிலை நோக்கி நடந்து, கால் தேய்ந்தபின் கையாலும் மார்பாலும் ஊர்ந்து செல்கிறார். இறுதியில் இறைவன் ஆணைப்படி வடக்கே ஒரு பொய்கையில் மூழ்கிக் காவிரிக்கரைத் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சியைப் பெறுகிறார். உடலால் செல்லும் முயற்சியும் செல்லாமலே கிட்டும் பேறும் அப்பர் வரலாற்றில் ஒன்றிணைகின்றன.

முடிவுரை

தேவப்பிரயாகை இரகுநாதர் கோயிலருகே பாறைகளில் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ள யாத்திரிகர் பெயர்கள், ஆழ்வார்களுக்கு முன்பே அங்கு மக்கள் சென்றுவந்ததைக் காட்டும் புறச்சான்றாகும். பாசுரங்கள் அத்தகைய வருகைப் பதிவுகள் அல்ல. தொலைவிலுள்ள புனித நிலத்தைத் தமிழ்நிலத்து அடியார் எவ்வாறு தமதாக்கிக்கொண்டனர் என்பதற்கே அவை சான்றாகின்றன. 1962 சீனப் போருக்குப் பின் விரைவுபெற்ற எல்லைப்புறச் சாலைப்பணிகளால், முன்பு வாரக்கணக்கில் நடந்த மலைவழியை இன்று ஊர்திகள் ஓரிரு நாளில் கடக்கின்றன. அச்சாலையில் செல்வோர் திருமங்கையாழ்வாரின் ஏவலை நிறைவேற்றுகின்றனர். மதுரையைச் சூழ்ந்த ஊர்களில் இருந்தவாறே கண்டத்துத் திருமொழியை ஓதுவோர், பெரியாழ்வார் அளித்த உரிமையைப் பெறுகின்றனர். சமயப் பயண வரலாறு எழுதுவோர் முன்னவரை மட்டும் கணக்கிட்டால், அவ்வரலாறு சென்றுவர வசதியுடையோரின் வரலாறாகவே சுருங்கிவிடும்.