வால்டேரின் சிறிய புத்தகங்கள்

பிரபு ஒருவரோடு ஏற்பட்ட தகராறில் அடிபட்டு, பாஸ்டீல் சிறைக்கும் போய், 1726-இல் இங்கிலாந்து வந்து சேர்ந்தார் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர். அங்கே அவர் கண்டவை 'தத்துவக் கடிதங்கள்' ஆயின. நியூட்டனின் ஈர்ப்பு விதி, லாக்கின் சிந்தனை, பல மதப் பிரிவினர் அருகருகே வாழும் வாழ்க்கை எல்லாம் அதில் கடித நடையில் வந்தன. ஆப்பிள் விழுந்த கதை ஐரோப்பாவெங்கும் பரவியதில் வால்டேருக்குப் பெரும் பங்கு உண்டு. 1734-இல் பாரிஸ் நீதிமன்றம் அந்த நூலைக் கொளுத்த உத்தரவிட்டது. அறிஞர்களுக்கு மட்டுமே விளங்கும்படி எழுதியிருந்தால் இவ்வளவு கோபம் எழுந்திருக்காது.

1755 நவம்பர் 1-ஆம் தேதி லிஸ்பனை நிலநடுக்கம் அழித்தது. அந்த அழிவுக்குப் பிறகு, இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே மிகச் சிறந்தது என்ற தத்துவஞானி லைப்னிட்ஸின் கொள்கை வால்டேரை உறுத்தியது. 1759-இல் வந்த 'கான்டீட்' நாவலில் அவர் அதை வாதாடி மறுக்கவில்லை. போர், நிலநடுக்கம், மத விசாரணை என ஓர் இளைஞனை விரட்டிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு அழிவுக்குப் பிறகும் ஆசான் பாங்க்ளாஸ் எல்லாம் நன்மைக்கே என்று பாடம் நடத்துகிறார். வாக்கியங்கள் குட்டையானவை, கோரமான செய்திகூடப் பதற்றமில்லாமல் வருகிறது. வாசகர் சிரிக்கிறார், சிரித்த கணத்தில் மறுப்பை அவரே கண்டுபிடித்துவிடுகிறார். தத்துவ விவாதத்தில் இதைவிடக் கூர்மையான உத்தி அரிது.

சிரிப்பை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். மகனைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்ட ழான் காலாஸ் என்ற புராட்டஸ்டன்ட் வணிகர் 1762-இல் துலூஸ் நகரில் சக்கரத்தில் கட்டிக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு வால்டேர் எழுதிய 'சகிப்புத்தன்மை பற்றிய ஆய்வு' அந்த வழக்கின் விவரங்களை எந்த வாசகரும் எடைபோடும்படி எடுத்துவைத்தது. 1765-இல் காலாஸ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பு வந்தது.

திதெரோவும் தாலம்பேரும் தொடங்கிய 'கலைக்களஞ்சியம்' 17 பெரும் தொகுதிகளாக வளர்ந்தது. படங்களுக்கு மட்டும் தனியே 11. வால்டேரும் அதற்கு எழுதியவர்தான். ஆனாலும் பெருந்தொகுதிகளால் புரட்சி வராது, விலை மலிந்த சிறு நூல்களே அஞ்சத்தக்கவை என்று 1766-இல் தாலம்பேருக்குக் கடிதம் எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அவருடைய 'கையடக்கத் தத்துவ அகராதி' வெளிவந்திருந்தது. எந்தப் பக்கத்தையும் பிரித்துப் படிக்கலாம். சட்டைப்பையில் ஒளித்தும் வைக்கலாம்.

1766 ஜூலையில் அபெவில் நகரில், மத நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்ட லா பார் என்ற இளைஞரின் தலை துண்டிக்கப்பட்டது. அவரிடம் கிடைத்த அந்த அகராதியை உடலோடு சேர்த்து எரித்தார்கள். 1793-இல் பிரெஞ்சுப் புரட்சிப் பேரவை அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.