நிரம்பி வழிந்த ஓர் அஞ்சல் பெட்டி

1960களில் துகள் இயற்பியல் ஆராய்ச்சி தபால்காரரை நம்பித்தான் நடந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தது இன்னொரு பல்கலைக்கழகத்துக்குத் தெரிய வேண்டுமானால் அது ஆய்விதழில் அச்சேற வேண்டும். நடுவர்கள் படித்து, திருத்தம் கேட்டு, அச்சாகி வெளிவருவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். அவ்வளவு காலம் பொறுக்க முடியாத இயற்பியலாளர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். கட்டுரையைத் தட்டச்சு செய்த கையோடு நூற்றுக்கணக்கில் நகலெடுத்து, முன்னச்சுப் பிரதி என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் உறையிலிட்டு அனுப்பிவிடுவார்கள். ஹார்வர்டு, பிரின்ஸ்டன் போன்ற பெரிய இடங்களுக்குக் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அனுப்புவோர் பட்டியலில் பெயர் இல்லாத சிறு பல்கலைக்கழகங்களுக்கு ஒன்றும் வராது. கடல் கடந்த நாடுகளுக்குக் கப்பல் தபாலில் வந்து சேரும்போது, அந்தக் கணக்கை வேறு யாரோ போட்டு முடித்திருப்பார்கள். திறமை இருந்தும் தபால் வராத ஒரே காரணத்தால் பின்தங்கியவர்கள் எத்தனை பேரோ!

இந்த அநியாயத்தை அசைத்துப் பார்த்தவர்களில் நூலகர்களும் உண்டு. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டின் நேர்கோட்டு முடுக்கி ஆய்வகத்தில், லூயிஸ் ஆடிஸ் போன்ற நூலகர்கள் வந்து குவிந்த முன்னச்சுப் பிரதிகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார்கள். 1969 முதல் வாரந்தோறும் ஒரு பட்டியல் வெளியானது. 1974-ல் அது கணினிக்கும் ஏறியது. எந்தக் கட்டுரை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று உலகத்துக்கே தெரிந்தது. ஆனால் கட்டுரை கைக்கு வரவேண்டுமே? அதற்கு மறுபடியும் தபால்தான்.

விடையின் ஒரு பாதி, அதே ஸ்டான்ஃபோர்டில் வேறொருவரின் கோபத்திலிருந்து பிறந்தது. 1977-ல் கணினியியல் பேராசிரியர் டொனால்ட் கனூத்துக்கு அவருடைய புத்தகத்தின் புதிய பதிப்புக்கான அச்சுப்படிகள் வந்தன. சமன்பாடுகள் அச்சில் அலங்கோலமாக இருந்தன. மனம் பொறுக்காமல், கணித எழுத்துகளை அழகாகக் கோக்கும் மென்பொருளைத் தானே எழுத உட்கார்ந்தார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை ஏறக்குறைய பத்து ஆண்டுகளை விழுங்கியது. டெக் என்ற அந்த மென்பொருளில், எவ்வளவு சிக்கலான சமன்பாட்டையும் சாதாரண விசைப்பலகை எழுத்துகளாலேயே எழுதிவிடலாம். சமன்பாடு எழுத்தாகிவிட்டால், அது மின்னஞ்சலிலும் போகும். தன் புத்தகத்தின் அழகை மட்டுமே எண்ணியிருந்த கனூத், கட்டுரைகளைத் தபால் உறையிலிருந்து விடுவித்திருந்தார். அந்த விடுதலையைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் ஆள் வேண்டியிருந்தது.

1989-ல் வந்தார் அந்த ஆள். இழைக் கோட்பாட்டில் அணி மாதிரிகள் என்ற கிளை அப்போது திடீரென்று சூடுபிடித்திருந்தது. பிரின்ஸ்டனின் உயர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த இளம் இயற்பியலாளர் ஜோவான் கோன், கைக்குக் கிடைத்த புதிய கட்டுரைகளின் டெக் கோப்புகளை நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்ப ஆரம்பித்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார், எழுதியவர்களிடம் கேட்டு வாங்கினார். அவர் செய்தது யாரும் சம்பளம் கொடுக்காத, பதவி உயர்வுக்கு உதவாத வேலை. பட்டியல் நூறு பேரைத் தாண்டியது. ஒவ்வொரு கட்டுரையையும் அவர் கையால்தான் அனுப்ப வேண்டும். சொந்த ஆராய்ச்சி ஒரு பக்கம், இந்த அஞ்சலக வேலை ஒரு பக்கம். எத்தனை நாளைக்குத் தாங்கும்?

1991 ஜூன். கொலராடோ மலைகளில் உள்ள ஆஸ்பென் இயற்பியல் மையத்தில் வழக்கம்போல இயற்பியலாளர்கள் கூடியிருந்தார்கள். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்பெந்தா வாடியாவும் வந்திருந்தார். ஊர் ஊராகப் பயணம் போகும்போது, மின்னஞ்சலில் வந்து குவியும் கட்டுரைகளால் கணினியில் தனக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிடுமே என்று பேச்சுவாக்கில் கவலைப்பட்டார். அந்தக் காலத்துக் கணினியில் இடம் அவ்வளவு குறைவு. பலர் காதில் விழுந்து மறைந்திருக்க வேண்டிய அந்தப் பேச்சு, பால் கின்ஸ்பார்க் என்பவரின் மனத்தில் மட்டும் தங்கிவிட்டது.

கின்ஸ்பார்க் ஹார்வர்டை விட்டு, அணுகுண்டு பிறந்த இடமான லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்கு அப்போதுதான் மாறியிருந்தார். அவருக்குத் தோன்றியது எளிய யோசனை. கட்டுரையை எல்லோருக்கும் ஏன் அனுப்ப வேண்டும்? ஒரே ஒரு கணினியில் வைத்துவிட்டால் போதுமே. சுருக்கத்தை மட்டும் எல்லோருக்கும் அனுப்பலாம். முழுக் கட்டுரை வேண்டுபவர் ஒரு மின்னஞ்சல் போட்டால், மனிதர் கை படாமல் கணினியே அனுப்பிவிடும். இந்த வேலையைக் கணினியிடமே விட்டுவிடலாமே என்று கோனிடம் கேட்டார். மறுப்பு இல்லை. அந்தக் கோடையிலேயே நிரல் எழுதி முடித்தார். 1991 ஆகஸ்ட் 14 அன்று, ஒரு நெக்ஸ்ட் கணினியில் சேவை தொடங்கியது. கோனின் பட்டியலில் இருந்த பெயர்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள். அதே மாதத்தில், இதே ரகக் கணினியில் தான் உருவாக்கிய ஒரு திட்டத்தை ஜெனீவாவில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகுக்கு அறிவித்தார். வையவிரிவு வலை என்ற அந்தத் திட்டமும் லாஸ் அலமோஸின் சேவையும் ஒன்றையொன்று சந்திக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

கின்ஸ்பார்க் எதிர்பார்த்தது ஆண்டுக்கு நூறு கட்டுரை. அவற்றையும் மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவதாகத்தான் முதலில் திட்டம். அதற்குள் காகிதப் பிரதி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. கணக்கு பொய்த்தது. ஆறு மாதத்திலேயே சில நூறு கட்டுரைகள் வந்துவிட்டன. அழிக்காதீர்கள் என்று பயனாளிகள் கேட்டுக்கொண்டார்கள். அழிக்கவில்லை. அன்று திட்டப்படி அழித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

1993-ல் சேவை வலைக்கு ஏறியது. இயற்பியலின் மற்றப் பிரிவுகளும் கணிதமும் கணினியியலும் வந்து சேர்ந்தன. இணைப்பு வேகம் குறைந்த நாடுகளுக்காக வெவ்வேறு நகரங்களில் அதன் நகல்களான மிரர் தளங்கள் எழுந்தன. இந்தியாவுக்கான மிரரைத் தாங்கி நின்றது சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம். எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத மாணவர், பிரின்ஸ்டன் பேராசிரியர் படிக்கும் அதே நாளில் அதே கட்டுரையைப் படித்தார். கப்பல் தபாலில் தொலைந்த மாதங்களை எண்ணிப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும்.

லாஸ் அலமோஸுக்கு அந்த அருமை முழுதாகப் புரிந்ததாகத் தெரியவில்லை. அங்கே நடந்த ஒரு மதிப்பீட்டில், கின்ஸ்பார்க்குக்குக் குறிப்பிடத்தக்க கணினித் திறமை எதுவும் இல்லை, அவர் சராசரிதான் என்று எழுதிவைத்தார்கள். 2001-ல் அவர் தான் முனைவர் பட்டம் பெற்ற கார்னெல் பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார். சேவையும் கூடவே போயிற்று. மறு ஆண்டு அவருக்கு மெக்கார்தர் நல்கை கிடைத்தது. அதே 2002 நவம்பரில் ரஷ்யாவிலிருந்து 39 பக்கக் கட்டுரை ஒன்று அந்தச் சேவையில் வந்து விழுந்தது. எழுதியவர் கிரிகோரி பெரல்மான். ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக அவிழாமல் கிடந்த புவான்கரே அனுமானத்துக்கான நிரூபணத்தின் முதல் பகுதி அது. எந்த ஆய்விதழுக்கும் அவர் அதை அனுப்பவில்லை.

1998 முதல் அந்தச் சேவைக்குப் பெயர் ஆர்கைவ். ஆராய்ச்சி மாணவர்கள் காலையில் காப்பியோடு திறக்கும் அதே தளம். ஹிக்ஸ் துகளைக் கண்டறிந்த 2012-ஆம் ஆண்டுக் கட்டுரைகளும் இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு வித்திட்ட 2017-ஆம் ஆண்டின் டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரையும் அங்கேதான் இருக்கின்றன. மொத்தம் இருபது லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள். படிக்கவும் கட்டணமில்லை, போடவும் கட்டணமில்லை. பால் கின்ஸ்பார்க்கின் பெயரை உலகம் நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கையால் கட்டுரை அனுப்பிக்கொண்டிருந்த ஜோவான் கோனின் பெயரும் அதோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டும்.